கூவி விற்பவளின் குரல்: இலந்தைப் பழப் பாடலும் வட சிலாங்கூர்த் தோட்டத்துச் செவியும்

மலேசியத் தமிழ் நாட்டுப்புற இலக்கிய ஆய்வில் தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் கிடைத்த இடம் பெரிது. கேலிக்கும் குறும்புக்கும் கிடைத்த இடம் சிறிது. காரணம் விளங்காததன்று. சஞ்சிக்கூலி, கங்காணி முறை, சயாம் மரண இரயில் எனத் தோட்டத்து வாழ்வைத் துயரத்தின் வரலாறாகவே நாம் எழுதி வந்துள்ளோம். அவ்வரலாற்றுக்கு ஒப்பாரி சான்றாகிறது. சிரிப்பைச் சான்றாகக் கொள்ள நமக்குத் தயக்கம் உண்டு. அதிலும் சோற்றையும் பழத்தையும் பேசுவதுபோல் வேறொன்றைப் பேசும் பாடல் எனில் தயக்கம் இரட்டிப்பாகிறது.

இரா. தண்டாயுதம் தொகுத்த மலேசிய நாட்டுப்புறப் பாடல்களும், முத்தம்மாள் பழனிசாமியின் 'நாட்டுப்புறப் பாடல்களில் என் பயணம்' என்னும் நூலும் இல்லையேல் நம் கையில் எஞ்சியிருப்பது மிகக் குறைவாகவே இருக்கும். ஆயினும் தொகுப்பாளர் முன்னிலையில் பாடுபவர் எதைப் பாடுவார், எதை விழுங்கிக்கொள்வார் என்பது தனி வினா. குறிப்பேடும் ஒலிப்பதிவுக் கருவியுமாக லயத்து வாசலில் நிற்கும் ஆசிரியருக்கு ஒரு மூதாட்டி தாலாட்டைப் பாடிக் காட்டுவார். நலுங்கு வைக்கும்போது பெண்கள் தமக்குள் பாடிச் சிரித்ததைப் பாடிக் காட்டுவது அரிது. தமிழகத்திலும் நிலைமை பெரிதும் வேறன்று. பெர்சி மாக்வீன் திரட்டியதைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி' 1958இல் வந்தது, நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' 1964இல் வந்தது. கி. ராஜநாராயணன் 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று தலைப்பிலேயே எச்சரித்து நாட்டுப்புறப் பாலியல் கதைகளை அச்சேற்றினார். கதைக்கு வாய்த்த அத்துணிவு பாடலுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

ஆகவே இக்கட்டுரையில் நாம் ஒரு சுற்றுவழியை மேற்கொள்கிறோம். வாய்மொழியில் மறைந்துபோனதைத் தேடுவதை விடுத்து, இசைத்தட்டில் நிலைபெற்றுவிட்ட ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். கோலசிலாங்கூர், ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை, வடக்கே தஞ்சோங் காராங், சபாக் பெர்ணாம் எனப் பரந்த தோட்டப் பகுதிகளில் ஒரு தலைமுறை முழுவதும் அறிந்திருந்த பாடல் அது. 1968இல் வெளிவந்த 'பணமா பாசமா' திரைப்படத்தில் இடம்பெற்ற 'எலந்தப் பழம்' பாடலே நம் ஆய்வுப்பொருள். திரைப்பாடலை ஆய்விதழுக்குள் கொணர்வது முறையா என ஐயுறுவோர் உளர். தோட்டத்துச் செவி நாட்டுப்புறப் பாடலையும் திரைப்பாடலையும் வேலி போட்டுப் பிரித்துக் கேட்கவில்லை என்பதே நம் விடை.

பாடலின் அமைப்பு

கே. எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கிய இப்படம், பெயரே உணர்த்துவதுபோல், பணச் செருக்குக்கும் குடும்பப் பாசத்துக்கும் இடையிலான மோதலைப் பேசுவது. ஜெமினி கணேசன், சரோஜாதேவி, எஸ். வரலட்சுமி, நாகேஷ் ஆகியோர் நடித்தனர். தெருவில் பழம் விற்கும் பெண்ணாக விஜயநிர்மலா வருகிறார். பாடலைக் கண்ணதாசன் எழுத, கே. வி. மகாதேவன் இசையமைக்க, எல். ஆர். ஈஸ்வரி பாடினார். 'அலேக்' என்ற சொல்லே நடிகைக்கு அடைமொழியாக ஒட்டிக்கொண்டு 'அலேக்' நிர்மலா என வழங்கிய அளவுக்கு அது பரவிற்று. ஆபாசம் என்ற குற்றச்சாட்டும் உடன் எழுந்தது.

பாடலின் சொற்களை ஈண்டு எடுத்துக்காட்ட வேண்டுவதில்லை. கருத்தைச் சொல்லுதல் போதும். பழம் விற்பவள் தன் பழத்தின் நிறத்தைப் புகழ்கிறாள், சுவையைப் புகழ்கிறாள், ஏழைக்கும் எட்டும் பழம் என்கிறாள். கருத்தை மட்டும் எடுத்தெழுதினால் விற்பனை விளம்பரமன்றி வேறில்லை. இலந்தை உண்மையிலேயே சிவந்து கனிவது, உண்மையிலேயே மலிவானது, வறண்ட நிலத்து முட்செடியில் காய்த்து, பள்ளிக்கூட வாசலில் படியளந்து விற்கப்படுவது. மாம்பழத்துக்கும் பலாப்பழத்துக்கும் உள்ள இலக்கிய மதிப்பு இதற்கு இல்லை. முக்கனியில் சேராத இந்தப் பழத்தைக் கவிஞர் தேர்ந்ததில்தான் பாதி வெற்றி அடங்கியுள்ளது என்பது நம் கருத்து. மாம்பழத்தை எடுத்திருந்தால் பழைய உவமைகளின் கனத்தில் பாடல் அமிழ்ந்திருக்கும்.

மறைபொருள் சொல்லில் இருப்பதைவிடக் குரலில் மிகுதியாக இருக்கிறது. ஈஸ்வரி கூவலை நீட்டும் இடமும், சட்டென வெட்டும் இடமும், சிரிப்பை அடக்குவதுபோன்ற மூச்சும் கேட்பவனுக்கு ஒரு ஐயத்தைத் தோற்றுவிக்கின்றன. ஐயம் தோன்றியவுடன் பாடல் மீண்டும் பழத்துக்கே திரும்பிவிடுகிறது. கேட்டவனே குற்றவாளியாகிறான், பாடியவள் பழம் விற்றுக்கொண்டிருக்கிறாள். இத்தகைய பாடல்களின் தரத்தை அளக்க நாம் கொள்ளும் அளவுகோல் இதுவே: வெளிப்பொருள் கடைசிவரை உயிரோடு இருக்கிறதா? பின்னாளில் வந்த இரட்டைப் பொருள் திரைப்பாடல்கள் பலவற்றில் வெளிப்பொருள் இரண்டாம் அடியிலேயே இறந்துவிடுகிறது. அங்கே பழமும் இல்லை, விற்பனையும் இல்லை. கண்சிமிட்டல் மட்டுமே உண்டு. 'எலந்தப் பழம்' அப்படியன்று. அதைக் கேட்டு ஒரு குழந்தை பழம் கேட்டு அழலாம்.

உப்பு விற்றவள்

தெருவில் உணவுப்பொருள் விற்கும் இளம்பெண், அவளை வழிமறிக்கும் ஆடவன், விலைபேசும் சாக்கில் வேறொரு பேச்சு என்னும் இக்காட்சி 1968இல் பிறந்ததன்று. அம்மூவனார் பாடிய அகநானூற்று நெய்தற் பாடல்கள் இரண்டை ஈண்டு நினைத்தல் வேண்டும். 140ஆம் பாடலில் உமணர் மகள் சேரியில் உப்பின் விலையைக் கூவிச் செல்கிறாள். அறியாத குரல் கேட்டு வீட்டு நாய் குரைக்கிறது. அந்த நாயை நாம் மறக்கக்கூடாது. பெண்ணின் உரத்த குரல் ஊருக்குள் பழக்கமற்றது என்பதற்கு அதுவே சாட்சி. 390ஆம் பாடல் இன்னும் நெருங்கி வருகிறது. நெல்லும் உப்பும் நேர் என்று கூவுகின்றவளைத் தலைவன் நெருங்கி, உப்பின் விலை அறிந்தோம், உன் மெய்யில் வாழும் உப்பின் விலையைத்தான் அறியவில்லை என்கிறான். அவளோ முறுவலித்து, வழிமறிக்கும் நீ யார் என்று வினவிவிட்டு நிற்கிறாள்.

உணவுச் சொல் ஒன்றை உடலின்மேல் ஏற்றிப் பேசும் குறும்புக்கு இதனினும் தெளிவான பழஞ்சான்று வேண்டுவதில்லை. ஆயினும் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடுதான் நமக்கு முதன்மையானது. சங்கப் பாடலில் குறும்பைப் பேசுபவன் ஆடவன். பெண் மறுமொழியால் அவனை நிறுத்துகிறாள். திரைப்பாடலில் குறும்பைத் தொடங்குபவளே விற்பவள்தான். வழிமறிப்பவன் கேட்க வேண்டியதை அவளே முந்திக்கொண்டு கூவிவிட்டதால் அவனுக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

பெண் பொதுவெளியில் குரல் உயர்த்துவதற்கு ஊர் அளித்த உரிமைகள் மிகச் சில. சாவு வீட்டில் மாரடித்து அழலாம், கோயிலில் குலவையிடலாம், திருமணத்தில் சம்பந்தி ஏசல் பாடலாம், முறைமாமனைக் கேலி செய்யலாம். இவை எல்லாவற்றிலும் உறவு என்னும் காப்பு உண்டு. கூவி விற்பவளுக்கு அக்காப்பு இல்லை. முன்பின் அறியாதவர்களிடம் அவள் கத்திப் பேசுகிறாள். வயிற்றுப்பாடு அதற்கு உரிமை தருகிறது. அந்த உரிமையின் விளிம்பில் நின்றுகொண்டுதான் பாடல் இரண்டாம் பொருளைத் தொடுகிறது.

சிலேடையா, இடக்கரடக்கலா?

இரட்டைப் பொருள் என்றவுடன் நம் மாணவர்கள் சிலேடை என்று எழுதிவிடுகின்றனர். சற்று நின்று பிரித்தறிதல் நலம். தண்டியலங்காரம் கூறும் சிலேடையணியில் இரு பொருளும் சமமாக நிற்கின்றன; இரண்டையும் புலவரே அறிவிக்கிறார். பதினைந்தாம் நூற்றாண்டுக் காளமேகப் புலவர் பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும், பாம்புக்கும் எள்ளுக்கும், பாம்புக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் சிலேடை பாடினார். இங்கும் உணவுதான், அதனுடன் ஏனோ அடிக்கடி பாம்பு. வாழைப்பழம் நைந்திருப்பதும் பாம்பிடம் நஞ்சிருப்பதும் ஒரே ஒலியில் அடங்குவது பேச்சுவழக்கின் திரிபால் நிகழ்வது என்பதை மட்டும் இப்போது குறித்துக்கொள்வோம். ஆனால் அவ்விரு பொருளில் எதுவும் மறைக்கப்படுவதில்லை. வியப்பு சொற்பிரிப்பில் உள்ளது.

நாம் ஆராயும் பாடலின் இயல்பு வேறு. இங்கே ஒரு பொருள் சொல்லப்படுகிறது. மற்றொன்று சொல்லப்படவே இல்லை. நன்னூல் தகுதி வழக்கினுள் வைத்த இடக்கரடக்கல் இதற்கு ஒருவகையில் அணுக்கமானது. அவையில் கூறத்தகாததை மறைத்துக் கூறும் முறையைத் தொல்காப்பியமும் அறிந்திருந்தது. ஆயினும் இடக்கரடக்கல் மறைப்பது மரியாதைக்காக. கேட்பவன் அதைக் கடந்து சென்றுவிட வேண்டும் என்பதே நோக்கம். விற்பவள் மறைப்பது, கேட்பவன் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும் என்பதற்காக. இடக்கரடக்கலின் கருவியை எடுத்து அதன் நோக்கத்துக்கு எதிராக நடத்துகிறது பாடல்.

இன்னும் நெருங்கியது உள்ளுறை எனலாம். குறுந்தொகை 8ஆம் பாடலில் ஆலங்குடி வங்கனார் காட்டும் மருதக் காட்சியில், வயலருகே நிற்கும் மாமரத்தின் கனிந்த பழம் தானே உதிர, பொய்கையிலுள்ள வாளைமீன் அதைக் கவ்வுகிறது. பேசுபவள் காதற்பரத்தை. அக்காட்சியில் அவள் பேசுவது மீனையும் பழத்தையும் மட்டுமே; முயற்சியின்றி இன்பம் பெறும் ஒருவனைப் பற்றிய ஏளனம் கேட்பவரிடம் தானே சென்று சேர்கிறது. உள்ளுறை என உரையாசிரியர் பெயரிட்டுவிட்டதால் இதை வகுப்பில் நாம் கூச்சமின்றிக் கற்பிக்கிறோம். அதே நுட்பம் தெருக்குரலில் வந்தால் ஆபாசம் என்கிறோம். வேறுபாடு நுட்பத்தில் இல்லை. பேசுபவளின் தெருவில் உள்ளது.

கடலுக்கு அப்பால் ஒரு சமையலறை

அமெரிக்கக் கறுப்பினத்தாரின் புளூஸ் இசை இதே வித்தையை 1920களிலும் 1930களிலும் வளர்த்தெடுத்தது. கறுப்பின மக்களுக்கென்றே தனி வரிசையாக விற்கப்பட்ட இசைத்தட்டுகளில் பணியாரமும் பழக்கூடையும் வறுசட்டியும் வேறு பொருளில் புழங்கின. போ கார்ட்டர் 1931இல் வாழைப்பழத்தையும் பழக்கூடையையும் வைத்துப் பாடினார். அவர் பாட்டில் வெளிப்பொருள் விரைவில் கிழிந்துவிடுகிறது. பெஸ்ஸி சுமித் 1929இல் பதிவுசெய்த 'கிச்சன் மேன்' அதனினும் உயர்ந்தது. செல்வச் சீமாட்டி ஒருத்தியின் வீட்டுச் சமையற்காரன் வேலையை விட்டுப் போகிறேன் என்கிறான்; அவன் சமைக்கும் பண்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அவள் புலம்புகிறாள். பண்டங்களின் பட்டியலே பாட்டு. சிரிப்பின் அடியில் எசமானிக்கும் வேலையாளுக்கும் இடையிலான படிநிலை தலைகீழாகிறது. மாளிகை முழுவதும் அவளுடையது, ஆயினும் கெஞ்சுபவள் அவள்தான்.

அப்பாட்டின் வரிகளை எழுதியவர்களுள் ஒருவரான ஆண்டி ராசஃப் ஓர் ஆடவர். நம் பாடலை எழுதிய கண்ணதாசனும் ஆடவர். பெண்ணின் குறும்பு என நாம் கேட்பது ஆண் எழுதிக் கொடுத்த குறும்புதானே என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க இயலாது. அண்மைக் காலத்தில் இத்தகைய பாடல் எதைக் கண்டாலும் 'எதிர்க்குரல்' என்று பெயர் சூட்டும் பழக்கம் நம் ஆய்வேடுகளில் பெருகியுள்ளது. அது ஒழுக்கவாதிகளின் கண்டனத்துக்கு நேர் எதிராக நின்றாலும் அதே அளவு அவசரமானது. படத்தின் ஒளிப்பதிவுக் கருவி ஆடவனின் பார்வையில் பழக்காரியைச் சுற்றி வருகிறது; அதை மறைத்து விடுதலைக் கீதமாக்குவது நேர்மையன்று. நாம் சொல்லக்கூடியது இதுவே: எழுதியவன் ஆடவன், காட்டியவன் ஆடவன், ஆனால் பாட்டின் எள்ளலை எந்த அளவுக்குத் திறந்து எப்போது மூடுவது என்ற தீர்ப்பைச் செய்தது பாடியவளின் குரல். படத்தைப் பாராமல் வானொலியில் மட்டும் கேட்டவர்களுக்கு அக்குரல் ஒன்றே பாடல். தோட்டத்தில் பெரும்பாலோர் அப்படித்தான் கேட்டனர்.

தோட்டத்துச் செவி

மலேசிய வானொலியின் இந்தியப் பகுதி, பின்னர் ரேடியோ 6 ஆகி, இன்று மின்னல் எஃப்எம் ஆகியுள்ளது. அந்த ஒலிபரப்பும், திருமண வீட்டு ஒலிபெருக்கியும், திடலில் வெள்ளைத்துணி கட்டிப் போடப்பட்ட படமும் தோட்டத்துக்கு இப்பாடலைக் கொணர்ந்தன. ஆனால் பாடல் வந்து சேர்ந்த இடத்தில் சொற்கள் வேறு கனம் பெற்றிருந்தன என்பதை ஆய்வாளர் கருதியதாகத் தெரியவில்லை.

தோட்டத் தமிழில் 'பால்' என்பது முதலில் ரப்பர் மரத்தின் பால். விடியலில் பிரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, மங்கில் சேர்ந்ததை வாளியில் ஊற்றிச் சுமந்து நிறுவைக்குக் கொண்டுபோவது பால். ஒட்டுப்பால், கட்டிப்பால் என்று அதற்குக் கிளைச்சொற்களும் உண்டு. தாய் பிள்ளைக்கு ஊட்டுவதும் அதே சொல். காலையில் ஒரு பாலுக்காகப் பிள்ளையை ஆயக்கொட்டகையில் விட்டுச் சென்று மற்றொரு பாலைக் கட்டிக்கொண்டு தவித்த பெண்ணுக்குச் சிலேடையைக் கற்பிக்க எந்த அணியிலக்கண நூலும் தேவைப்பட்டிருக்காது.

'பழம்' என்பதற்கும் அவ்வாறே ஒரு வரலாறு உண்டு. அதில் கோலசிலாங்கூருக்குத் தனி இடம் உண்டு. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இம்மாவட்டத்திலேயே பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் உருவாயிற்று. அவ்வூர் 2007 முதல் பெஸ்தாரி ஜெயா. தோட்டத்தை நிறுவியவர் ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். 'மலேசி' என்ற தம் நாவலுக்காக 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றவர். தோட்டத்தின் பெயர் தென்னமரம். செம்பனைக்குப் பிறப்பிடமாகிய தோட்டம் தமிழில் தென்னையின் பெயரைச் சுமந்து நிற்பது வரலாறு தானே செய்துகொண்ட சிலேடை போலும்.

1960களில் ரப்பர் மரங்களை வீழ்த்திச் செம்பனை நடுவது பரவலாயிற்று. செம்பனையில் ஆடவர் நீண்ட கழியில் கட்டிய அரிவாளால் குலையை வெட்டித் தள்ளுவர். மரத்தடியில் சிதறிய உதிரிப் பழங்களைக் குனிந்து பொறுக்கிச் சாக்கில் சேர்ப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. குலை முதிர்ந்தது என்பதற்கு அடையாளமே அடியில் உதிர்ந்து கிடக்கும் பழந்தான். செக்கச் சிவந்த, உண்ண முடியாத, எண்ணெய் கசியும் அப்பழத்தைக் கைவிரல் தேயப் பொறுக்கிய பெண்ணின் செவியில், சிவந்த பழத்தைக் கூவி விற்கும் பாட்டு எவ்வாறு விழுந்திருக்கும்? அவள் பொறுக்கிய பழத்துக்கு அவள் விலை சொல்ல முடியாது; சாக்கைக் கணக்கெடுப்பவன் சொன்னதே விலை. பாட்டில் வருபவளோ தன் பழத்துக்குத் தானே விலை கூவுகிறாள். திரைப்படம் கருதாத, கவிஞரும் கருதாத மூன்றாம் பொருள் ஒன்று இவ்வாறு கேட்கும் இடத்தில் விளைந்திருக்கக்கூடும். இது நம் ஊகம். ஆனால் சொற்கள் தோட்டத்தில் ஏந்திய பொருளிலிருந்து எழும் ஊகம்.

இலந்தை மழைமிகுந்த சிலாங்கூர்க் கடற்கரையின் அன்றாடப் பழமன்று. மலாய்க்காரர் பிடாரா என்பது இதையே. தமிழ்த் தோட்டத்து வீட்டுக்கு அது பெரும்பாலும் உப்பும் மிளகாயும் சேர்த்து இடித்த இலந்தை வடையாகப் பொட்டலத்தில் வந்த பண்டம். சேலத்திலோ திருச்சியிலோ முட்செடியை உலுக்கிப் பொறுக்கிய பாட்டிக்கு அது ஊர் நினைவு. இங்குப் பிறந்த பேத்திக்கு முதலில் பாட்டு, பிறகுதான் பழம். பழத்தையே அறியாத பேத்திக்கு வெளிப்பொருள் எப்படி நிற்கும் என்ற வினாவை நாம் மேலே வைத்த அளவுகோல் எழுப்புகிறது. பாட்டியும் பேத்தியும் ஒரே இடத்தில் சிரித்தார்களா என்பது கேட்டறியத்தக்கது. கேட்டறியக் காலம் குறைந்து வருகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் மக்கள் சிதறிய பின், ரிவர்சைட், ஹோப்ஃபுல், கோல்ஃபீல்ட்ஸ் என்று தோட்டங்களின் ஆங்கிலப் பெயர்களைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளே பல இடங்களில் எஞ்சிய அடையாளம்.

ஒரே ஒலிபெருக்கியில்

ஆடி மாதத்திலும் திருவிழாக் காலத்திலும் தோட்டத்து மாரியம்மன் கோயில்களில் விடியற்காலையே ஒலிக்கத் தொடங்குவது எல். ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள். லூர்து மேரி ராஜேஸ்வரி என்ற பெயரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1954இல் 'மனோகரா' படத்தில் குழுப்பாடகியாகத் தொடங்கி, 1961இல் 'பாச மலர்' திருமணப் பாடலால் புகழ்பெற்றவர். பழக்காரியின் குரலும் தீமிதிக்கு முன் பெண்களை ஆட்டிவைக்கும் குரலும் ஒன்றே என்பதில் தோட்டத்து மக்கள் எந்த முரணையும் காணவில்லை. முரண் காண்பது பிற்காலத்துப் படிப்பாளிகளின் வேலையாயிற்று. கண்ணதாசனிடமும் இதே இரட்டை உண்டு: பழக்காரிக்கு எழுதிய கைதான் 'அர்த்தமுள்ள இந்துமத'த்தையும் 'இயேசு காவிய'த்தையும் எழுதியது.

அமெரிக்காவில் இதற்கு ஓர் இணை உண்டு. 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் 1928இல் டம்பா ரெட்டுடன் சேர்ந்து பெரும் புகழ்பெற்ற குறும்புப் பாடலைப் பதிவுசெய்தவர் தாமஸ் ஏ. டோர்சி. 1932இல் மனைவியும் பிறந்த குழந்தையும் இறந்தபின் அவர் இயற்றிய இறைவேண்டல் பாடல் கறுப்பினத் திருச்சபைகளின் உயிர்ப்பாடலாயிற்று. காஸ்பல் இசையின் தந்தை என்று இன்று போற்றப்படுபவர் அவரே. டோர்சியின் வாழ்வில் ஒன்று விடப்பட்டு மற்றொன்று தொடங்கியது. ஈஸ்வரியின் வழக்கு அதனினும் சுவையானது. அவர் எதையும் விட்டொழிக்கவில்லை. மேடையில் அம்மனையும் பாடினார், இலந்தைப் பழத்தையும் பாடினார். குரலின் அடிப்படை ஒன்றே: உரக்க, தெருவுக்குக் கேட்கும்படி, மூச்சை ஒளிக்காமல் பாடுதல். கச்சேரிக் குரலின் அடக்கம் அம்மனை அழைக்கவும் உதவாது, பழம் விற்கவும் உதவாது.

ஆசிரியர்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் சிறிது. இப்பாடலைத் தொடக்கப்பள்ளியில் கற்பியுங்கள் என்று எவரும் சொல்லவில்லை. பல்கலைக்கழக வகுப்பில் அகநானூறு 390ஐக் கற்பிக்கும் நாளில் இதையும் உடன் கேட்பிப்பதற்குத் தடையொன்றும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. தோட்டங்களில் இன்னும் நினைவோடு இருக்கும் பெண்களிடம் பாடல் திரட்டச் செல்லும் மாணவர், தாலாட்டு உண்டா என்று மட்டும் கேட்டுத் திரும்பாமல், நலுங்கில் என்ன பாடினீர்கள், ஏசலில் எதைச் சொல்லிச் சிரித்தீர்கள் என்றும் கேட்கட்டும். இயன்றவரை மாணவியரை அனுப்புதல் நலம்; ஆடவர் முன் அப்பாட்டு வாயை விட்டு வராது.

கேட்டதை எழுதும்போது ஒரு செய்தியில் விழிப்பு வேண்டும். ஈஸ்வரி 'பழம்' என்று பாடவில்லை. 'பயம்' என்று பாடினார். சென்னைத் தெருவழக்கில் ழகரம் யகரமாகும். சிலாங்கூர்த் தோட்டங்களிலோ 'வாளப்பளம்' என்று ளகரமாக ஒலிப்பதே பெருவழக்கு. ஆகவே 'பயம்' என்ற ஒலியே இங்குள்ளோர்க்கு வேற்றூர்க்காரியின் வேடிக்கைப் பேச்சாகக் கேட்டது. அவ்வொலி அச்சத்தையும் குறிக்கும். பழந்தமிழ் நிகண்டுகளில் பயன், நீர், பால் ஆகிய பொருள்களும் 'பயம்' என்பதற்கு உண்டு. நைந்ததையும் நஞ்சையும் ஓரொலியில் அடக்கிய காளமேகம் இருந்திருந்தால் இதை விட்டிருக்கமாட்டார். தாளில் பெயர்த்தெழுதும் மாணவர் சிவப்பு மையால் அதைப் 'பழம்' என்று திருத்திவிட்டால் இலக்கணப் பிழை நீங்கும். தெருவும் விற்பவளும் உடன் நீங்கிவிடுவர். ஒலித்தவாறே எழுதி, ஓரத்தில் 'இலந்தைப் பழம்' என்று குறித்தல் போதும்.